அபிப்பிராயம் 15 பைசா

அபிப்பிராயம் சொல்வதற்கு அந்தக் காலத்தில் காசு செலவாகும். எண்பதுகளில் ஓர் அஞ்சலட்டை 15 பைசா. முகவரிக்குப் போக மிச்சமிருக்கும் இடத்துக்குள், பத்திரிகையில் வந்த கதை நன்றாயிருந்தது, நன்றாயில்லை, முடிவு சரியில்லை, நானாக இருந்தால் கதாநாயகியைச் சாகவிட்டிருக்க மாட்டேன் என்பதையெல்லாம் பொடி எழுத்தில் அடக்கியாக வேண்டும். எழுதி, தபால் பெட்டியில் போட்டு, விழுந்ததா என்று பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தடுத்த வாரங்களில் வாசகர் கடிதப் பகுதியைக் கடைசிப் பெயர்வரை விரல்வைத்துத் தேடுகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் எல்லோரும் இப்போது சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற வயதில் இருப்பார்கள். நீங்களும் அவர்களில் ஒருவர் என்றால் மேலே படியுங்கள். இல்லையென்றாலும் படியுங்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு வேலையற்று இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் தலைமுறை அபிப்பிராயம் சொல்லிப் பழகியது பெரும்பாலும் சுஜாதாவை வைத்துத்தான். அதிலும் அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகள் என்றால் எங்களுக்குத் தனி மிடுக்கு வந்துவிடும். குடும்பக் கதைக்குக் கருத்துச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, மாமியார் ஒருவரைப் பார்த்திருந்தால் போதும். விஞ்ஞானக் கதைக்கு அப்படியில்லை, பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்கள்தான் வாய் திறக்கலாம் என்று நாங்களாகவே ஒரு சட்டம் போட்டு, அந்தச் சட்டத்தின்படி தெருவில் எனக்கும் இன்னும் ஓரிருவருக்கும் மட்டும் அனுமதி வழங்கியிருந்தோம். எழுதுகிறவரோ பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். அவருக்கு எலெக்ட்ரானைப் பற்றி எடுத்துச் சொல்ல மாயவரத்தில் ஒரு முதலாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன் அஞ்சலட்டை வாங்கிக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அந்த அசட்டுத் துணிச்சலின்மேல் கொஞ்சம் பொறாமையும் வருகிறது. கையெழுத்துக்குக் கீழே ‘பி.எஸ்ஸி. (இயற்பியல்), முதலாமாண்டு’ என்று போட்டுக்கொள்வேன். இரண்டாமாண்டு வந்ததும் அதைத் திருத்திப் போடத் தவறியதில்லை.

அஞ்சலட்டைக்கு வழியில்லாதவர்களுக்கு நூலகம் இருந்தது. எங்கள் கிளை நூலகத்தில் அவருடைய விஞ்ஞானக் கதைத் தொகுப்பு ஒன்று, அசல் அட்டை எப்போதோ கிழிந்துபோய், காலிகோ துணி போட்டுக் கட்டி, முதுகில் வெள்ளை மையால் எண் எழுதப்பட்டு, எவர் கையிலாவது சுற்றிக்கொண்டே இருக்கும். கதையைவிட ஓரங்கள்தான் ருசி. திருமலை யாத்திரையை எதிர்காலத்துக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டர் கையில் ஒப்படைத்துவிட்ட ‘திமலா’ கதையின் பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘நடக்காது’ என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே நீல மையில் ‘ஏன் நடக்காது?’ அதற்கும் கீழே, அரசு அலுவலகத்துப் பச்சை மையில், ‘பெருமாள் விடமாட்டார்.’ எல்லாவற்றுக்கும் அடியில், அச்சுப்போல அழகான கையெழுத்தில், ‘நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள்.’ இந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மாதக் கணக்கில் இடைவெளி விட்டு, ஒரே பக்கத்தில் சந்தித்துச் சண்டை போட்டுவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பச்சை மைக்காரர் யார் என்று கண்டுபிடிக்க, நான் தாலுகா ஆபீஸ் பக்கம் போகும்போதெல்லாம் சட்டைப்பைகளை உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்த காலம் ஒன்று உண்டு.

வீட்டில் வேறு விதமான விமர்சகர்கள். பெரியப்பா வங்கியில் குமாஸ்தா. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று வங்கி ஊழியர்கள் வாயிலில் நின்று கோஷம் போட்ட நாட்கள் அவை. மாலையில் கோஷம் போட்டுவிட்டு வந்து, இரவில் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கம்ப்யூட்டரும் ரோபோவும் உலாவுகிற கதைகளை ஒன்றுவிடாமல் படிப்பார். என்ன பெரியப்பா, பகலில் எதிர்ப்பு, ராத்திரி ஆதரவா என்று சீண்டினால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “படிக்க நல்லாருக்குடா. நடந்தா நல்லாருக்காது” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. இயற்பியல் படிக்காதவர் என்பதால் அவருடைய அபிப்பிராயத்தை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

பாட்டிக்குக் கண் புரை. யாராவது படித்துக் காட்ட வேண்டும். அணுக்கதிர் அபாயத்துக்குப் பயந்து ஊரே காலிசெய்துகொண்டு போகும்போது தன் நாயை விட்டுவர மனமில்லாத பையனின் கதை ‘ஜில்லு’. நான் அதை ஏற்ற இறக்கத்தோடு படித்து, நடுநடுவே நிறுத்தி, கதிர்வீச்சு என்றால் என்ன, அது எலும்பைக்கூட எப்படி ஊடுருவும் என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்த நாயையும் ஏத்திக்கிட்டா வண்டி என்ன குடைசாஞ்சிடுமா?” எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூச்சுவாங்க விளக்கியவனிடம் வண்டியில் இடம் கேட்டால் எப்படியிருக்கும்?

பிறகு காலம் ஓடியது, நாங்களும் கூடவே ஓடினோம். ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோது, அது 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாகச் சொல்லப்பட்ட கதை என்பதால், அந்த வருஷம் எனக்கு என்ன வயதாகும் என்று நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கழித்துப் பார்த்து, வந்த விடையை நம்பாமல் மறுபடி கழித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அத்தனை வயது வரை மனிதர்கள் இருப்பார்களா என்ன? இருந்தோம். ஜீனோ என்கிற அந்தக் கெட்டிக்கார இயந்திர நாய்தான் வீட்டுக்கு வீடு வரவில்லை. வந்தது முகக்கவசமும், கைகழுவும் திரவமும், தெருமுனையில் தகரத் தடுப்பும். மொட்டை மாடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு கையசைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, இதைக் கதையாக எழுதி எண்பதுகளில் அனுப்பியிருந்தால் ‘நம்பும்படியாக இல்லை’ என்று முதல் அஞ்சலட்டை நானே போட்டிருப்பேன் என்று தோன்றியது.

அந்த நாட்களில்தான் பழைய விஞ்ஞானக் கதைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். படித்த கையோடு தங்கை மகனிடமும் கொடுத்தேன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். புத்தகத்தை வாங்கிப் பார்த்து, எழுத்து பொடியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, போனிலேயே இறக்கிப் படித்தான். மறுநாள் அபிப்பிராயம் வந்தது: “நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதெல்லாம் ஏற்கெனவே இருக்கே? இதுல எது சயின்ஸ் ஃபிக்‌ஷன்?”

நான் வாயடைத்துப் போனேன். பென்சில்காரர் ‘நடக்காது’ என்றார். இவன் ‘நடந்து முடிந்துவிட்டது’ என்கிறான். அப்படியானால் நடுவில் எந்தத் தேதியில், எந்த நாழிகையில் அது விஞ்ஞானக் கதையாக இருந்தது? அந்த நேரத்தில் நான் எங்கே போயிருந்தேன்? ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேனோ என்னவோ.

அவன் சொல்வதிலும் நியாயமில்லாமல் இல்லை. திருமலைக்குப் போக இப்போது 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டை மாதக் கணக்கில் முன்னதாகவே இணையத்தில் எடுத்து வைக்கிறார்கள். சீட்டு திறக்கிற நேரத்துக்கு மடிக்கணினியில் ஒருவர், போனில் ஒருவர் என்று குடும்பமே விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சில நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துபோகிறது, கிடைக்காதவர்கள் கைக்கு எட்டாத பெருமாளைத் திரையில் பார்த்துக் கும்பிடுகிறார்கள். 2023-இல் அங்கே முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும் இயந்திரமும் வந்துவிட்டது. பெருமாள் விட்டுவிட்டார்! பச்சை மைக்காரர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. முன்பெல்லாம் ராத்திரி பஸ் பிடித்து, அலிபிரியிலிருந்து படியேறி, வைகுண்டம் காம்ப்ளெக்ஸில் அடைபட்டு, முன்பின் தெரியாத குடும்பத்தின் புளியோதரையைத் தின்று, அவர்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கிற அளவுக்கு நெருங்கி, விடிகிற நேரத்தில் ‘ஜரகண்டி’ என்று தள்ளப்பட்டு வெளியே வருவோம். இப்போது முன்னேறிவிட்டோம். வரிசை மட்டும் ஒழியவில்லை, அது வீட்டுக்கு வந்துவிட்டது, கூடவே புளியோதரை கொடுப்பார் யாருமில்லை.

அபிப்பிராயமும் முன்னேறிவிட்டது. அதே தொகுப்பைப் பற்றி இன்றைய வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தேன். ஐந்து நட்சத்திரம், ‘மஸ்ட் ரீட்.’ நான்கு நட்சத்திரம், ‘பேப்பர் குவாலிட்டி சூப்பர்.’ ஒரு நட்சத்திரம், ‘அட்டை மடங்கி வந்தது.’ கதையைப் பற்றி ஒன்றுமில்லையா என்று தேடினால் கட்டைவிரல் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை. சுஜாதா வேலை பார்த்த அதே பாரத் எலெக்ட்ரானிக்ஸில்தான் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானது, அதில் அவருடைய பங்கு ஊரறிந்தது. 1982-இல் கேரளத்துப் பரவூரில் சில வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வைத்துப் பார்த்து, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க அதிலேயே வாக்களித்தோம். அபிப்பிராயத்தைச் சீட்டிலிருந்து பொத்தானுக்கு மாற்றியதில் கைகொடுத்தவருடைய கதைகளுக்கு, இன்றைக்கு வாசகர்கள் பொத்தானை அழுத்தித்தான் அபிப்பிராயம் சொல்கிறார்கள். தொடுதிரை போன் நம் தெருக்களில் பரவுவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில் அவர் காலமாகிவிட்டார். மடங்கிய அட்டைக்கு ஒரு நட்சத்திரம் வாங்குகிற பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

நடுவில் இன்னொரு காலகட்டமும் இருந்தது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு வந்தபோது நண்பர்கள் டீக்கடையில் கூடி, சித்த மருத்துவமும் ரசவாதமும் விஞ்ஞானக் கதைக்குள் வரலாமா, ராக்கெட் இல்லாமல் எப்படி என்று ஒரு மாலை முழுக்கக் கட்சிகட்டிக்கொண்டோம். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், எதையும் நிறுத்துப் பார்க்கிறவர். ராக்கெட்டை மட்டும் வைத்து விஞ்ஞானத்தை அளப்பவன் திரையரங்கில் டிக்கெட் கிழிக்கத்தான் லாயக்கு என்று அவர் சொல்ல, ராக்கெட் கட்சிக்காரர் கோபித்துக்கொண்டு டீக்குக் காசு கொடுக்காமலே எழுந்து போனார். ஒரு கதைக்காக ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிற அளவுக்கு அபிப்பிராயம் வைத்திருந்தோம் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், டீ எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.

தங்கை மகன் கடைசியாக ஒரு வழி சொன்னான். “உங்களுக்குப் பேச ஆள்தானே வேணும் மாமா? ஏஐ-கிட்ட கேளுங்க.” கேட்டேன். கண்மூடித் திறப்பதற்குள், அந்தக் கதைகள் தொழில்நுட்பத்தையும் மனித உணர்வையும் அழகாக இணைக்கின்றன என்று பத்தி பிரித்து வந்தது. எனக்கென்னவோ பிடிக்கவில்லை என்று எழுதிப் பார்த்தேன். நீங்கள் சொல்வதும் மிகச் சரி, சில இடங்களில் பழமை தெரிகிறது என்றது. இல்லையில்லை, பிடித்திருக்கிறது என்றேன். அருமையான பார்வை என்றது. ஜீனோவும் இயந்திரம்தான். அதுவும் புத்தகம் படிக்கும், அபிப்பிராயம் சொல்லும், ஆனால் எதிர்த்துப் பேசும். பெரியப்பா ஆயுள் முழுக்க ஒருமுறைகூட என்னோடு ஒத்துப்போனதில்லை. அந்தச் சுகத்துக்கு இன்னும் யாரும் இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கதைகளைப் படித்தால், நாங்கள் விழுந்து விழுந்து விவாதித்த கம்ப்யூட்டரெல்லாம் மியூசியத்துக்குப் போய்விட்டது தெரிகிறது. ஆனால் ‘ஜில்லு’வில் அந்தப் பையன் இன்னும் நாயை விடாமல் நிற்கிறான். ‘நடக்காது’ என்றவரும், ‘ஏற்கெனவே இருக்கே’ என்றவனும், நடுவில் ஆல்ஃபா பீட்டா சொன்ன இந்த முதலாமாண்டு மாணவனும் பார்த்தது இயந்திரத்தை மட்டும்தான். கதையைப் பார்த்தது, அதைக் கண்ணால் படிக்கவே முடியாத பாட்டி ஒருத்திதான். ‘நடந்தா நல்லாருக்காது’ என்ற பெரியப்பாவுக்கு இரண்டாம் பரிசு கொடுக்கலாம்.

ஆகவே, விஞ்ஞானக் கதைத் தொகுப்பு ஏதாவது உங்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் தூசி தட்டி எடுத்து, முன்பு படித்தபோது என்ன சொன்னோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படியுங்கள். படித்து முடித்ததும் நட்சத்திரம் போடாமல் ஐந்து வரி எழுதி, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவருக்கு அனுப்புங்கள். அஞ்சலட்டை விலை பெரிதாக ஏறிவிடவில்லை, 50 பைசாதான்.