கபீல் ஐயா, கோயமுத்தூருக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க

வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்கும் வளைகுடா நாட்டு ஸ்பான்சர் முதலாளி கபீல் ஐயா அவர்களுக்கு, கொங்குச் சீமையிலிருந்து வணக்கமுங்க.

எங்கள் ஊர் பேக்கரிகளில் உங்களைப் பற்றி நல்ல பேச்சில்லை. வேலைக்கு வந்தவனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறீர்களாம். ஏஜெண்ட் சொன்ன சம்பளம் ஒன்று, கையில் வருவது வேறாம். 2024 ஜூன் 12-ல் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து 45 இந்தியர்கள் செத்தார்களே, அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அன்று இங்கே கொதிக்காத ஆள் இல்லை. “ஒரே கட்டடத்துல இத்தன பேர அடைச்சு வெச்சிருக்கான், அவனெல்லாம் மனுசனாங்க?” என்று கேட்ட பனியன் கம்பெனி முதலாளிக்கும் கண் கலங்கியது. அவருடைய குடோன் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஒடிசாப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஷிப்ட் மாற்றி மாற்றிப் படுக்கிறார்கள். ஒருவன் எழுந்த பாயில் அடுத்தவன் சாய்கிறான்.

நாங்கள் உங்கள் நாட்டுக்குப் பெரிதாக வருவதில்லை. தஞ்சாவூர், ராமநாதபுரம், புதுக்கோட்டைக்காரர்கள் வருவார்கள். எங்களுக்கு வளைகுடா தேவைப்படவில்லை. ஜார்க்கண்டுக்கும் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் நாங்களே வளைகுடா.

உங்களிடம் ஒரே குறைதான் ஐயா, தொழில் நாசூக்கு போதாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்குவதெல்லாம் முரட்டு வேலை. இங்கே, “ஆதார் கார்டக் குடு தம்பி, ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன்” என்போம். அந்த ஜெராக்ஸ் மெஷின் இரண்டு வருஷம் ஓடும். எங்கள் ஊர் மரியாதை நாடறிந்தது. கோவணத்தை உருவினாலும் ‘ங்க’ போட்டுத்தான் உருவுவோம்.

எங்கள் நூற்பாலைகள் கண்டுபிடித்த சுமங்கலித் திட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் உங்களுக்குப் பொறாமையாக இருந்திருக்கும். தென்மாவட்டத்து ஏழை வீட்டுக்கு, பெரும்பாலும் தலித் வீட்டுக்கு, புரோக்கர் போவார். பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணை மூன்று வருஷம் மில்லுக்கு அனுப்பினால் கடைசியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்பார். மில் வளாகத்திலேயே ஹாஸ்டல். வெளியே போக வார்டன் அனுமதி வேண்டும். போன் பேசுவதற்குக் காவல். மூன்று வருஷம் முடிய நான்கு மாதம் இருக்கையில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனாளா? போச்சு. பாதியில் நின்றவளுக்குப் பணமில்லை. மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்துவைத்த பணம்தான் அது. அவள் கூலியை அவளுக்கே சீதனமாகக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். 2011-லும் 2014-லும் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகு அந்தப் பெயரைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம் வந்துவிட்டது. பெயரை விட்டார்கள். ஹாஸ்டல் கேட்டின் பூட்டை எத்தனை பேர் விட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் கணக்கு. திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று ஒன்று உண்டு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், மேலே நான்கு மணி நேரம் அரை ஷிப்ட். அதற்கு ஒன்றரைச் சம்பளம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது. அப்படியானால் அந்த நான்கு மணி நேரமே ஒரு முழுச் சம்பளம். இரண்டு கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை கொடுத்துவிட்டு, அதையே வேலையின் பெயராகவும் வைத்து ஊரறியச் சொல்லிக்கொள்ள எங்களால்தான் முடியும். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பி மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். திருப்பூர் சிரித்தது. நடக்கிற காரியத்துக்குச் சட்டம் எதற்கு?

லண்டன் கடைக்காரனுக்கும் நியூயார்க் கடைக்காரனுக்கும் எங்கள் முதலாளியே வெளிநாட்டுக் கூலிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், விலையைக் குறை என்று அங்கிருந்து ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். “இது அநியாயமுங்க, வயித்துல அடிக்கறாங்க” என்று எங்கள் ஆட்கள் டிவியில் சொன்னார்கள். உண்மைதான், அநியாயம்தான். அதே வாயால் அன்று சாயங்காலம் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு பீஸ் ரேட்டைக் குறைக்கச் சொன்னால் அதற்கு என்ன பெயர் ஐயா? திருப்பூர், வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர். மேலேயிருந்து விழும் அடி ஒவ்வொரு தோளாக இறங்கி, கடைசியில் துணி கைமடிக்கும் பெண் தலையில்தான் முழுதாக விழுகிறது. வெளிநாட்டு ஆடிட்டர் வருகிற அன்று மட்டும் கழிப்பறையில் சோப்பு இருக்கும், வருகைப் பதிவேடு வேறாக இருக்கும், கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் ‘நல்லா இருக்கேன்’ என்பாள். சொல்லிக்கொடுத்தவர் பின்னால் நிற்கிறாரே.

2023 மார்ச்சில் வடமாநிலத்தாரை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலியை ஒட்டிப் பையன்கள் மூட்டை கட்டினார்கள். அடேயப்பா, அந்த ஒரு வாரம்! போலீஸ் இந்தியில் பேசியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து பார்த்தது. நேற்றுவரை ‘டேய் வடக்கா’ என்று கூப்பிட்ட வாய்களில் ‘பாய்’ குடியேறியது. லைன் நின்றுவிடுமே என்ற பயம்தான், வேறென்ன?

இனி கபீலிடம் பேச ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர்களிடம்தான் பேச வேண்டும்.

தொழிலாளர் போராட்டம் தெரியாத ஊரல்ல இது. 1946 ஜனவரி 8-ல் சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வரை இதே கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. இன்று கார் கதவைத் திறந்துவிட ஆள் வைத்திருக்கும் முதலாளிகளில் பலர் அன்று கட்டிங் மாஸ்டர், டைலர். அப்பன் பட்ட பாட்டை மகனிடம் கதையாகச் சொல்கிறார்கள், அதே பாட்டை அடுத்த வீட்டு மகனுக்குக் கூலியாகக் கொடுக்கிறார்கள். பசி தெரிந்தவன் பண்ணுகிற சுரண்டல் இது. அதனால்தான் எனக்கு ஷேக்குகள் மேல் வருகிற கோபத்தைவிட இவர்கள் மேல் அதிகம் வருகிறது.

காண்ட்ராக்டர் மூலம் பிற மாநிலத்திலிருந்து ஆள் கொண்டுவந்தால், ஊரை விட்டு வந்ததற்கென்று மாதச் சம்பளத்தில் பாதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்றது 1979-ன் சட்டம். போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்கவும் சொன்னது. இந்தத் தொகையை வாங்கிய ஒரு பையனை எனக்குத் தெரியாது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் படியையே எடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் இருந்தவர்களுக்கு நாற்பத்தைந்து வருஷம் கழித்து மன்னிப்பும் கிடைத்துவிட்டது.

கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஆகவே முதலாளிமார்களே, அன்னதானத்துக்கு எழுதுகிற செக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வருகிற சனிக்கிழமை பட்டுவாடாவில் அரை ஷிப்டுக்கு முழுச் சம்பளம் போடுங்க. 1948-லிருந்து பாக்கி நிற்கிறது.