இறங்கத் தெரிய வேண்டும்



கப்பல் டிக்கெட் போட்டாகிவிட்டது, ஏறுவதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஏறுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை சித்தப்பா, பலருக்கும் இறங்கத்தான் தெரிவதில்லை. இந்த உல்லாசக் கப்பலில் ஏழு நாளும் பயணி ராஜா. எட்டாம் நாள் காலை எட்டரை மணிக்கு, அடுத்த முகூர்த்தக்காரர்கள் மண்டப வாசலில் வந்து நிற்க, உள்ளே இன்னும் பாயசத்துக்குக் காத்திருக்கும் சம்பந்தி மாதிரி ஆகிவிடுகிறார். கடைசி நாள் மரியாதை என்றால் அறையைப் பளிச்சென்று விட்டுப்போவது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. அன்று காலை கப்பலில் சுத்தத்துக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம்.

2024 ஜனவரியிலிருந்து மயாமியில் புறப்படும் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,805 அறைகள். அறைக்கு இரண்டு பேர் என்றாலே 5,610 பேர். ஒரு ஊரே சனிக்கிழமை காலையில் இறங்கி, அன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு ஊர் ஏறிக் கிளம்பிவிடுகிறது. அமெரிக்கத் துறைமுகங்களில், பழைய கூட்டத்தின் கடைசி ஆளும் இறங்கிக் கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால்தான் புதியவர்களை ஏற்ற விடுவார்கள். பால்கனியில் ஒருவர் கடைசி வாய்க் காபியை ரசித்தால், கீழே அத்தனை பேர் பெட்டியோடு நிற்க வேண்டும். அவர் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். நம்மூர்ப் பெயராக இருந்துவிட்டால் பாலசுப்ரமணியனை மூன்று துண்டாக வெட்டித்தான் கூப்பிடுவார்கள். அவமானம் அவருக்கா, பெயர் வைத்த தாத்தாவுக்கா என்று தெரியாது.

இப்போது அறைக்கு வாருங்கள். ஒரு பணியாளர் பொறுப்பில் இருபது அறை என்று வைத்துக்கொள்வோம். எட்டரைக்கு எல்லோரும் வெளியேறி, ஒரு மணிக்கு அறைகள் தயாராக வேண்டும் என்றால் 270 நிமிடம். அறைக்குப் பதின்மூன்றரை நிமிடம். அதற்குள் கட்டில் விரிப்பு, குளியலறை, குப்பை, தரை எல்லாம். சித்தி போர்வையை அழகாக மடித்து, படுக்கையைச் சீராக்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள், தெரியும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். எப்படியும் எல்லாவற்றையும் உருவித் துவைக்கப் போடத்தான் போகிறார்கள். மடிப்பைப் பிரித்து, உள்ளே கண்ணாடியோ சங்கிலியோ சிக்கியிருக்கிறதா என்று உதறிப் பார்ப்பது கூடுதல் வேலை. ஈரத் துண்டுகளைக் குளியலறையில் ஒரே குவியலாகப் போடுங்கள். பெட்டகத்தை, காலி என்று வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி, திறந்தே விடுங்கள். முக்கியமாக உங்கள் இன்சுலின் ஊசிகள்: குப்பைக்கூடையில் போட்டால், பையைக் கட்டுகிறவர் கையில்தான் குத்தும். முதல் நாளே கேட்டால் அதற்கென்று தனி டப்பா தருவார்கள்.

“காசு கொடுத்திருக்கிறோம், ஓட்டலில்கூடப் பதினொரு மணி வரை விடுகிறார்களே” என்பீர்கள். ஓட்டலில் தினம் சிலர் போவார்கள், சிலர் வருவார்கள். இப்படி எல்லா அறையும் ஒரே காலையில் காலியாவதில்லை. அதோடு அறையை விடுவது கப்பலை விடுவது அல்ல. மேலே காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும். இறங்குவதற்கு உங்களுக்குத் தந்த எண்ணைக் கூப்பிடும் வரை கூடத்தில் சாய்ந்திருக்கலாம். (அங்கிருந்து ஒரு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொள்ளும் யோசனை வேண்டாம், சொல்லாமல் கொண்டுவந்து சுங்கத்தில் பிடிபட்டால் அபராதம்.) இந்த அவசரமெல்லாம் கம்பெனியின் லாபத்துக்குத்தானே என்றால், ஆமாம், அதை மறுக்கவில்லை. சும்மா நிற்கிற கப்பல் சம்பாதிக்காது. ஆனால் நாம் அரை மணி தாமதித்தால் அது கம்பெனியின் லாபத்தில் கழியாது, அந்த அறைப் பணியாளரின் பதின்மூன்றரை நிமிடத்தில்தான் கழியும். 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கிறது. அவர் பிலிப்பைன்ஸிலோ இந்தோனேசியாவிலோ நம் நாட்டிலோ வீட்டை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்.

டிப்ஸ் விஷயம் சின்னது. தினக் கணக்கில் உங்கள் பில்லில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், அதை அலுவலகத்தில் போய்க் குறைக்கச் சொல்லாதீர்கள். மேலே கொடுக்க விரும்பினால் முந்தின நாள் இரவே கையில் கொடுங்கள். காலையில் அவரைத் தேடினால் பன்னிரண்டாவது அறையில் இருப்பார்.

கடைசியாக ஒன்று. இறங்குவதற்கு முந்தின இரவில் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு துறைமுகத்தில்தான் கண்ணில் படும். பாஸ்போர்ட், மாத்திரை, மறுநாள் உடுத்த ஒரு வேட்டி சட்டை, இந்த மூன்றையும் எண்ணி வெளியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். லுங்கியோடு அமெரிக்கக் குடிவரவு அதிகாரி முன்னால் நிற்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லைதான், ஆனாலும் சித்தி கூட வருகிறார்கள்.