மைனஸைக் கழற்றும் அண்ணாச்சி

புதுப் பேட்டரி போட்ட வேனின் டேஷ்போர்டில் எஞ்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிய செய்தி, ஓட்டுநர் வாய் திறப்பதற்கு முன்பே மைனஸைக் கழற்றும் அண்ணாச்சிக்கு எப்படியோ எட்டிவிடுகிறது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரும் கையுமாக வண்டியின் முன் நின்றுகொண்டிருப்பார்.

மேலைநாடுகளில் படுக்கை, அடுப்பு, குளியலறையோடு ஊர் சுற்றும் மோட்டார்ஹோமும், இங்கே படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் இளைப்பாறும் கேரவனும் எந்த இனமோ, அந்த இனத்தின் எளிய வடிவம்தான் கார்த்திகையில் சபரிமலைக்கும் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கும் விருதுநகர், சிவகாசி வட்டாரத்திலிருந்து புறப்படும் வேன். வசதியாகச் செய்துகொண்ட வேன்களில் பேட்டரி இரண்டு இருக்கும்: எஞ்ஜினைக் கிளப்புவது ஒன்று, நிறுத்திய இடத்தில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் பாட்டுப்பெட்டிக்கும் மின்சாரம் தருவது மற்றொன்று. இவ்விரண்டில் எதன் மைனஸைக் கழற்றுவது என்ற ஐயம் பிறருக்கு எழலாம். அண்ணாச்சிக்கு எழுவதில்லை, அவர் இரண்டையுமே கழற்றிவிடுவார்.

அந்த மஞ்சள் விளக்கு புதியதன்று என்றாலும், பாரத் ஸ்டேஜ் 6 எனப்படும் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின் வேன்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில் அதற்கு நிகர் வேறில்லை. எஞ்ஜினுக்குள் போகும் காற்று, எரிபொருள், உள்ளே எழும் வெப்பம், வெளிவரும் புகை ஆகியவற்றைச் சென்சார் எனப்படும் உணரிகள் அளந்து சொல்ல, அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் இசியு என்னும் சிறு கணினி, ஏதேனும் ஒன்று பிசகினால் அக்குறையை ஓர் எண்ணாகக் குறித்துவைத்துக்கொண்டு விளக்கை எரியவிடுகிறது. பேட்டரி மாற்றிய வண்டியில் மின்னழுத்தம் குறைந்ததைச் சொல்லும் பி0562 என்ற எண் பதிவாகியிருக்கலாம். அதற்குக் காரணம் டெர்மினல் கவ்வி இறுகாதது, எர்த் கேபிள் பூத்துப்போனது, ஓடும் எஞ்ஜினில் ஏறத்தாழ 14 வோல்ட் தரவேண்டிய ஆல்டர்நேட்டர் சோர்ந்துபோனது என்று எதுவாகவும் இருக்கலாம். ஸ்கேனரைச் செருகினால் எண் தெரிந்துவிடும்.

"ஸ்கேனர்லாம் எதுக்குத் தம்பி? மைனஸக் கழட்டி மாட்டுனா சரியாப் போயிரும்."

"மெக்கானிக் வந்துக்கிட்டு இருக்காரு, அண்ணாச்சி."

"வந்தா அவன் ஆயிரம் ரூவா கேப்பான்."

இதற்கு மறுமொழி சொன்ன ஓட்டுநர் இம்மாவட்டத்தில் இல்லை. சடங்கு தொடங்குகிறது. பிளஸைத் தொடாமல் மைனஸை முதலில் கழற்றுவதில் அண்ணாச்சி குற்றம் சொல்ல முடியாதவர்; மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகும் என்பதை அவர் அறிவார். கழற்றியபின் ஒரு டீயும் ஒரு வடையும் செல்லும் நேரம்வரை வண்டிக் கதவை எவரும் தொடக்கூடாது, "கரண்ட் முழுசா இறங்கணும்." பிறகு ஹாரனை அமுக்கிப் பார்த்து, பேட்டரி இணைப்பு இல்லாத வண்டியில் ஒலி எழாததைக் கண்டு திருப்தியோடு தலையசைப்பார். மீண்டும் மாட்டிச் சாவியைத் திருப்பினால், பல வண்டிகளில் விளக்கு அணைந்துதான் இருக்கும். "பாத்தியா?" என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு அவர் ஸ்பேனரை மடியில் செருகிக்கொள்ளும் தோரணை, அதைக் கண்டவர்களை நெடுநாள் உறுத்தக்கூடியது.

அணைந்தது விளக்கு மட்டுமன்று. மின்சாரம் முழுதாகத் துண்டிக்கப்படும்போது பல வண்டிகளில் இசியு குறித்துவைத்த எண்ணும், குறை நேர்ந்த கணத்தில் எஞ்ஜின் இருந்த நிலையைப் பற்றிய பதிவும் சேர்ந்தே அழிகின்றன; காய்ச்சல் குறித்த அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு நோயாளி தேறிவிட்டார் என்று அறிவிக்கும் மருத்துவரின் செயல் இது. வண்டி நின்றவாக்கில் எஞ்ஜின் ஓடுவதற்காக இசியு பழகிவைத்திருந்த அளவுகளும் சில வண்டிகளில் போய்விடுவதால் சற்றுநேரம் வண்டி குலுங்கும். அந்தப் பழியை அண்ணாச்சி டீசல் பங்க்கின் மேல் போடுவார். குறை மெய்யானதாக இருந்தால், சில ஓட்டங்களுக்குப் பின் இசியு அதே எண்ணைத் திரும்பக் குறிக்கும். வேன் அப்போது ராஜபாளையத்தைத் தாண்டிச் செங்கோட்டை வழியில் போய்க்கொண்டிருக்கும். போனில் கேட்டால், ஓரங்கட்டி மைனஸைக் கழற்றச் சொல்வார்.

இம்முறையை அவர் வேனோடு நிறுத்திக்கொள்வதில்லை. செட்டாப் பாக்ஸ், போர் மோட்டார், மருமகனின் மடிக்கணினி ஆகிய எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே. ஆபீஸில் கூலித் தகராறு வந்தால் இரண்டு நாள் கேட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பதும் இதே வைத்தியத்தின் பாற்பட்டது.

ஆபீஸ் என்பது பட்டாசு ஆலை. அங்கே அண்ணாச்சி வேறு மனிதர். ஷெட்டுக்குள் நுழையும் எவரும் உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கும்படி மண்ணோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டே நுழையவேண்டும் என்பதிலும், இரும்புக் கருவி உள்ளே போகக்கூடாது என்பதிலும் அவர் காட்டும் கண்டிப்பு ஆய்வாளர்களையே நாணச் செய்யும். மாலையில் அதே மனிதர், சார்ஜில் இருந்து அப்போதுதான் எடுத்த பேட்டரியின் முனையில் கேபிளை உரசி, பொறி பறந்தால் பேட்டரி நல்லது என்று தீர்ப்புச் சொல்கிறார். சார்ஜாகும் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது என்பதும், காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றும் என்பதும் தகட்டுக்கு வெளியே செல்லாத சட்டங்கள் போலும்.

இத்தனைக்கும் அண்ணாச்சியின் வைத்தியம் சில வேளைகளில் உண்மையிலேயே பலித்துவிடுகிறது. பேட்டரி மாற்றியவர் அவசரத்தில் இறுக்காமல் விட்ட கவ்வியை அவர் கழற்றுகிறார், பூத்ததை வேட்டி நுனியால் துடைக்கிறார், தம் முழு பலத்தோடு திரும்ப முறுக்குகிறார். குறை தீர்ந்தது முறுக்கியதால், அவர் கொண்டாடுவது கழற்றியதை. நள்ளிரவில் ஆமத்தூர்ப் பக்கம் வேன் நின்றுவிட்டது என்று அழைத்தால், மறுபேச்சின்றி மொபெட்டில் டார்ச்சோடு வந்து நிற்பவரும் அவரே. அந்த நேரத்தில் வருவதாகச் சொல்லும் மெக்கானிக்குகள் மறுநாள் மதியம் வருவார்கள்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அழிந்த எண் திரும்பி வரும்வரை மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்தாகவேண்டும்; அதுவரை வேன் வாடகைக்குப் போகாது, ஓட்டுநருக்கு அன்றைய பேட்டா கிடையாது, போதாக்குறைக்கு விளக்கைப் பார்த்தும் வண்டியை ஓட்டியவன் என்ற ஏச்சும் அவருக்கே. அண்ணாச்சி மிச்சப்படுத்திக் கொடுத்த ஆயிரம் ரூபாயை வேன் முதலாளி அந்த ஓட்டுநரின் கணக்கில்தான் பிடிக்கிறார்.