ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர் என்பவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரத்துக்கு ஆறு நாள் ஏசி அறையில் உட்கார்ந்துவிட்டு, ஏழாம் நாள் விடியலில் பழவேற்காட்டுக் கடலை நோக்கி ஓடுபவர். வயது நாற்பதுக்கு மேல். பதவி உதவி மேலாளருக்குக் குறையாது. கம்பெனி செலவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையின் அறிக்கையில் 'சுகர் பார்டர்லைன்' என்று வந்த மாதத்தில் இவர் உருவாகிறார். அதே கம்பெனியில் கம்பி உருட்டும் இயந்திரத்தருகே எட்டு மணி நேரம் நிற்பவர்களிடையே இந்த இனம் அநேகமாகக் கிடையாது. அவர்களுக்கு ஞாயிறு தூங்குவதற்கு.

திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரை ஓட்டக்காரரை மனத்தில் வைத்து அமைந்ததல்ல. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை மாமல்லபுரம் தாண்டியும் போகிறது. கால் ஓயும் வரை ஓடலாம். வடக்கே அப்படியொரு சாலை கிடையாது. எண்ணூர் முகத்துவாரம், அனல் மின் நிலையங்கள், 2001இல் இயங்கத் தொடங்கி இன்று காமராஜர் பெயர் தாங்கும் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வழி நெடுக மறிப்புகள். எல்லாம் தாண்டினால் பழவேற்காடு ஏரி. உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரியது இதுதான். அதற்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ஆகவே எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் எதிரே வருவது தண்ணீர், மதில், காவலாளி ஆகிய மூன்றில் ஒன்று.

இவருடைய பாதைகள் மூன்று. முதலாவது பொன்னேரியிலிருந்து மெதூர், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு. இருபுறமும் வயல், ஏற்ற இறக்கமே இல்லாத சாலை, ஊருக்கு ஊர் டீக்கடை. குறை ஒன்றுதான்: தூரம் சுமார் 18 கிலோமீட்டர். அரை மாரத்தானுக்கு 21.1 வேண்டும். இந்த மூன்று கிலோமீட்டர் பற்றாக்குறை ஓட்டக்காரரின் ஞாயிறைக் கெடுத்துவிடும். கைக்கடிகாரத்தில் கணக்கு நேராகும் வரை அவர் பழவேற்காடு பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் முதல் சுற்றில் பார்ப்பார்கள். இரண்டாவது சுற்றில் ஏதோ தொலைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். மூன்றாவது சுற்றில் யாராவது எழுந்து தேடிக் கொடுக்க வருவார்கள்.

இரண்டாவது பாதை பழவேற்காடு ஊருக்குள்ளேயே தொடங்குகிறது. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஓட்டக்காரர் அவற்றின் அருகில் நின்று செல்ஃபி எடுப்பார்; 'கொழுப்பு சுத்தமாகக் கரைந்தவர்களுடன்' என்று எழுதிப் பதிவிடுவார். பிறகு பாலம் ஏறி லைட்ஹவுஸ் குப்பம் போய் மணலில் இறங்குவார். உதிரி மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அதனால் ஈர மணலே அவருக்கு விருப்பம். இங்கேதான் நிலா குறுக்கே வருகிறது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வடிகிறது. அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். எனவே போன ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வடிந்து கெட்டியாகக் கிடந்த இடத்தில், இந்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு அலை அடிக்கும். குப்பத்துச் சிறுவனுக்குக்கூடத் தெரிந்த இந்தக் கணக்கு, ஐந்திலக்க விலைக்கு வாங்கிய ஷூ முழுசாக நனைந்த பிறகே ஓட்டக்காரருக்கு விளங்கும். வடக்கே போகப் போக முகத்துவாரம் வந்து பாதை முடிந்துவிடும். அக்கரை ராக்கெட் ஏவுகிறவர்களுடையது. ஏவுகிற நாளில் மீனவர்களே கடலுக்குப் போகக் கூடாது. ஓட்டக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பாதை தெற்கே காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகமும் பக்கிங்ஹாம் கால்வாயும். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கடல் சீறும் நாட்களில் மணல் வந்து சாலையை மூடிவிடும். தார் எது, கரை எது என்று தெரியாது. நாய்கள் குப்பத்துக்குக் குப்பம் முறை வைத்துத் துரத்தி, எல்லை வந்ததும் அடுத்த குப்பத்து நாய்களிடம் ஒப்படைத்துவிடும். ஓட்டக்காரரின் மிகச் சிறந்த நேரங்கள் பதிவானவை இந்தச் சாலையில்தான். அதற்குக் காரணம் பயிற்சி என்று அவர் சொல்வார்.

இவர் பேசும் மொழி தொழிற்சாலையிலிருந்து வந்தது. உடம்பு என்று சொல்ல மாட்டார், 'சிஸ்டம்' என்பார். ஓய்வுக்குப் பெயர் 'மெயின்டனன்ஸ்', முழங்கால் வலிக்குப் பெயர் 'பிரேக்டவுன்'. இந்த மாத டார்கெட் நூறு கிலோமீட்டர். ஸ்ட்ராவா செயலியில் ஏறாத ஓட்டம் ஓட்டக் கணக்கிலேயே வராது. மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர், அது 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்த அளவு, 1921இல்தான் நிலையானது என்பதையெல்லாம் கேட்காமலே சொல்வார். மாமியார் வீட்டுப் பந்தியிலும் சொல்வார்.

கரையில் இருப்பவர்களுக்கு இவர் ஒரு புதிர். அவர்களும் விடியலுக்கு முன்பே எழுந்தவர்கள்தான். கரைவலைக் கயிற்றைப் பிடித்திருக்கும் பெரியவர் ஒருவருக்கும் இவருக்கும் வழக்கமாக நடக்கும் உரையாடல் இது:

"இன்னா தம்பி, யாராச்சும் தொரத்துறாங்களா?"

"இல்லண்ணே, வெயிட் குறையணும்னு ஓடுறேன்."

"அப்ப வந்து வலைய இழு. ஆளு பத்தல. உடம்பும் கொறையும், பங்கும் தர்றேன்."

ஓட்டக்காரர் சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். பாலத்தின் ஏற்றத்தில் அவரை முந்திப் போகிறவர் அநேகமாக ஒரு மீன்காரம்மாவாக இருப்பார். தலையில் அன்னக்கூடை, கூடையில் ஐஸ் போட்ட மடவையும் இறாலும், காலில் செருப்பு இல்லை, முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். அந்த அம்மாவின் நேரம் எங்கும் பதிவாவதில்லை.

உணவுக் கணக்கு எளிது. ஓடுகிறவர் ஒரு கிலோமீட்டருக்கு, தம் உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி வீதம் எரிக்கிறார். எழுபது கிலோ எடையுள்ளவர் 18 கிலோமீட்டர் ஓடினால் 1,260. இந்த எண்ணை அவர் மனப்பாடமாக வைத்திருப்பது, பிறகு வரும் இட்லி, வடகறி, மதியத்து நண்டுக் குழம்பு, இறால் தொக்கு அத்தனைக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளத்தான். டீ மட்டும் சர்க்கரை இல்லாமல் குடிப்பார்.

பருவத்தைப் பொறுத்தவரை இவருக்கும் பூநாரைகளுக்கும் ஒற்றுமை உண்டு: இருவரும் பழவேற்காட்டில் கூட்டமாகத் தென்படுவது குளிர்காலத்தில்தான். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று தொடையை இழுத்துவிடும்போது வித்தியாசம் இன்னும் குறையும். பறவை கம்பத்தைப் பிடிப்பதில்லை. சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பதால், தீவிரப் பயிற்சி ஐப்பசி, கார்த்திகை மழையோடு மோதும். ஆரணியாற்றில் வெள்ளம் வந்து சாலை முழுகினால், வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக் கணக்கை முடிப்பார். கீழ்வீட்டுக்காரர் மூன்றாம் நாள் வந்து விசாரிப்பார்.

ஓட்டக்காரரின் அடுத்த நிலை சைக்கிள். பிரேக்டவுன்கள் மாதம் இரண்டைத் தாண்டியதும் மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார். ஷூ மைத்துனருக்குப் போகும். புது சைக்கிளும் ஹெல்மெட்டும் வரும். பொன்னேரி சாலை சின்னதாகிவிட்டதால், கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச் சாவடி, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லை வரை போய்வருவார். மாத டார்கெட் நானூறு கிலோமீட்டராக உயரும். நண்டுக் குழம்பின் அளவும் அதே விகிதத்தில் உயரும்.