வாளியோடு வாசலில்

எடின்பரோ,
திங்கள் இரவு.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எடின்பரோ விழாவில் காமெடி நிகழ்ச்சி நடத்தப் போகிறேன் என்றதும், "யார் கூப்பிட்டார்கள்? என்ன மரியாதை செய்வார்கள்?" என்று கேட்டீர்கள். பொன்னாடையும் வழிச்செலவுக் கவரும் வாங்கிப் பழகிய பட்டிமன்றப் பேச்சாளர் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் இதுதான்: யாரும் கூப்பிடவில்லை. இங்கே யாரையுமே கூப்பிடுவதில்லை.

அதற்கு ஒரு பூர்வகதை உண்டு. உலகப்போர் முடிந்த கையோடு, 1947-இல், இந்த ஊரில் பெரிய கலைவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். அழைப்பே வராத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து இறங்கி, கிடைத்த இடத்தில் நடித்துவிட்டுப் போயின. அந்த அழையா விருந்தாளிகளின் வாரிசுதான் நான் வந்திருக்கும் இந்த 'ஃபிரிஞ்ச்' விழா. இன்று ஆகஸ்ட் வந்தால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். ஊரின் மக்கள்தொகையே ஐந்து லட்சத்துச் சொச்சம்தான். தேவாலயம், வகுப்பறை, மதுக்கடையின் நிலவறை என்று நாலு நாற்காலி போட முடிகிற இடமெல்லாம் அரங்கம். தேர்வுக்குழு கிடையாது. இடம் பிடித்துப் பணம் கட்டினால் நீங்களும் கலைஞர்.

இந்த மாதத்து வாடகையைக் கேட்டால் காமெடியனுக்கும் சிரிப்பு நின்றுவிடும். ஊருக்குப் போன கல்லூரி மாணவன் ஒருவனுடைய அறையில், இரண்டு மாயவித்தைக்காரர்களோடு பங்கு போட்டுத் தங்கியிருக்கிறேன். காலையில் பால் காணாமல் போனால் யாரைக் கேட்பது, சொல்லுங்கள்.

காலை முழுக்க ராயல் மைல் தெருவில் நோட்டீஸ் கொடுக்கும் வேலை. கோடைகாலம் என்கிறார்கள், மழை விட்டபாடில்லை. பக்கத்தில் ஒருவர் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி நின்று தீப்பந்தங்களை வீசிப் பிடிக்கிறார். கூட்டமெல்லாம் அவரிடம். என் நோட்டீஸை அன்போடு வாங்கிக்கொண்ட ஒரு பாட்டியம்மா, கைப்பையைத் திறந்து தன் நிகழ்ச்சியின் நோட்டீஸை எனக்குக் கொடுத்தார். பத்திரிகைக்காரர்கள் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுவார்கள். கிடைத்தவர்கள் அன்றே அதை அச்சடித்து சுவரொட்டி மேல் ஒட்டிவிடுகிறார்கள். என் சுவரொட்டியில் மழைத்துளி மட்டும்தான்.

என்னுடையது இலவச நிகழ்ச்சி. பீட்டர் பக்லி ஹில் என்பவர் 1996-இல் தொடங்கிவைத்த முறை இது. டிக்கெட் கிடையாது, முடிந்ததும் கலைஞனே வாசலில் வாளியோடு நிற்க வேண்டும். பிடித்தவர்கள் போடலாம், பிடிக்காதவர்கள் நம் கண்ணைப் பார்க்காமல் போகலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. உங்கள் மேடையில் கவரை முதலிலேயே கொடுத்துவிடுவதால் யார் உண்மையாகச் சிரித்தார்கள் என்று தெரியாமலே போய்விடுகிறதே! ஒருநாள் வந்தவர்கள் ஏழு பேரும் ஒரு நாயும். நாய் மட்டும் கடைசிவரை வைத்த கண் வாங்காமல் கேட்டது.

"இதில் எதிர்காலம் உண்டா" என்று அப்பா கேட்டால் ஒன்று சொல்லுங்கள்: தன் தாத்தா இந்தியாவிலிருந்து பிரிட்டனில் குடியேறிய கதையை மேடையில் சொன்ன அஹிர் ஷாதான் 2023-இல் இங்கே சிறந்த காமெடி நிகழ்ச்சிக்கான விருதை வாங்கினார். நம் வீட்டுக் கதைக்கும் இங்கே காது உண்டு. அதனால்தான் என் மாமனாரை மேடையேற்றியிருக்கிறேன். அவருக்குத் தெரிய வேண்டாம்.

எனக்குக் கிடைத்த நேரம் பன்னிரண்டரை முதல் ஒன்று இருபது வரை; அறை கோட்டைக்கு நேர் கீழே. அந்தக் கோட்டையில் 1861 முதல் ஞாயிறு தவிர்த்துப் பகல் ஒரு மணிக்கு பீரங்கி வெடிக்கிறார்கள். கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்ய வந்த ஏற்பாடு. முதல் நாள் என் பேச்சின் நடுவில் வெடித்தது, கூட்டம் துள்ளியது. மறுநாளிலிருந்து மாமனாரின் வருகையை ஒரு மணிக்கு வைத்துவிட்டேன். "கதவைத் திறந்தேன், உள்ளே வந்தார்" என்பேன், டமார்! எடின்பரோ கோட்டையே எனக்குப் பக்கவாத்தியம்.

நேற்று ஞாயிறு. பீரங்கிக்கு விடுமுறை, எனக்கு இல்லை. வாயாலேயே "டமார்" என்றேன். இதுவரை விழாத சிரிப்பு. அது பீரங்கிக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, இன்று அரை நொடி முன்னாலேயே வெடித்ததுபோல் இருந்தது.

நேற்றைய வசூலில் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தது. சித்தியிடம் வாளி விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். "வெளிநாட்டில் நிகழ்ச்சி" என்ற அளவில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்