தேர்வுக் குழுவில் ஒரு லட்சம் பேர்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர்தான். தேர்வுக் குழுவிலோ மெல்போர்ன் நகரமே இருக்கிறது. அருமையான ஏற்பாடு.

பயிற்சியாளர் வாரம் முழுக்க வீரர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பாசம் கண்ணை மறைத்துவிடும். மதுக்கடை ஓரத்தில் இறைச்சி ‘பை’ பலகாரம் தின்றபடி யோசிப்பவருக்கு அந்தக் கோளாறு கிடையாது. தொடைத்தசை பிடித்த வீரரின் ஸ்கேனை மருத்துவர் பார்த்திருக்கலாம். போன சனிக்கிழமை அந்த வீரர் நொண்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நாமல்லவா?

நடுக்களத்தில் வேகமில்லை, முன்வரிசையில் உயரமில்லை. எனவே இரண்டாம் நிலை அணியில் ஆடும் அந்தப் பொடியனை உடனே இறக்க வேண்டும். அவன் ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அவன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆடிய மறுவாரமே அவனையும் நீக்கிவிடலாம். நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதானே?

பேசாமல், அணிப் பட்டியலை மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் (எம்.சி.ஜி.) வாக்கெடுப்புக்கு விடலாம். சுமார் 1,00,000 இருக்கைகள் அங்கே உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும்: ஆள் தேர்வு என்றால் எதிரணிப் பயிற்சியாளரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவரை எப்போது வெளியே அனுப்புவது என்று எதிரணி ரசிகர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.