ஓரிரு இடங்களில் பனி

பஃபலோ, நியூயார்க் மாகாணம்
1.12.2024, ஞாயிறு

அன்புள்ள ஆயாவுக்கு,

வாட்ஸ்அப்புல அனுப்புற இந்தக் கடுதாசியைச் சின்னவன் உனக்குப் படிச்சுக் காட்டுவான். குளிருன்னு வர்ற இடத்தையெல்லாம் அவன் தாண்டிப் போயிடுவான், நீ அழுவேன்னு பயம். டேய், ஒரு எழுத்து விடாமப் படி. ஆயா அழுவாது.

முதல்ல கணக்கு. இங்க வெயிலையும் குளிரையும் ஃபாரன்ஹீட்ல சொல்றாங்க. வந்த புதுசுல டிவியில "நாளைக்கு 32"ன்னு போட்டான். நம்ம ஊர்ல 32ன்னா "இன்னிக்குப் பரவால்ல, காத்து வருது"ன்னு சொல்ற நாளாச்சே! அரைக்கைச் சட்டையோட கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனதும் புரிஞ்சுது, இங்க 32ன்னா தண்ணி கல்லாகிற சூடு. நீ பெட்டியில திணிச்சப்ப நான் கத்தின அந்தக் குரங்குக் குல்லாதான் அன்னிலேர்ந்து என் குலதெய்வம்.

போன வியாழக்கிழமை இங்க தேங்க்ஸ்கிவிங். நவம்பர் நாலாவது வியாழன், நன்றி சொல்ற பண்டிகை. பட்டாசு இல்ல, புதுத்துணி இல்ல. ஒரு வான்கோழியை முழுசா அடுப்புல வச்சுட்டு நாள்பூரா காவல் காக்கிறாங்க. அந்த ஒரு வாரத்துல நாடு முழுக்க கிட்டத்தட்ட 8 கோடி பேர் ஊருக்குப் போறாங்க. நம்ம கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை நாடு சைஸுக்குப் பெருசு பண்ணிக்கோ. அதனால பண்டிகைக்குப் பத்து நாள் முன்னாடியே வானிலைக்காரன் வரைபடத்தோட வந்துடுறான். வழக்கத்தைவிடக் குளிர்ற இடத்துக்கு நீலம், வெதுவெதுப்புக்கு ஆரஞ்சு. எங்க பக்கத்துல இங்க் பாட்டில் கவுந்த மாதிரி நீலம்.

நம்ம ஊர் வானிலை அறிக்கை ஞாபகம் வந்துச்சு. "ஓரிரு இடங்களில் மிக கனமழைக்கு வாய்ப்பு"ன்னு டிவியில ரமணன் சார் சொல்றப்ப, "அந்த ஓரிரு இடம் எதுன்னு பேர் சொல்ல மாட்டாரா?"ன்னு நீ டிவிகிட்டயே கேப்பியே. பசங்க நாங்க, அது எங்க ஸ்கூலு இருக்கிற இடமாத்தான் இருக்கணும்னு வேண்டிக்குவோம். இந்த ஊர் ஆளு பேரையும் சொல்றான், சதவீதத்தையும் சொல்றான். 70 சதவீதம் பனின்னு வச்சுக்கோ. கொட்டினா "அந்த எழுவது"ங்கிறான், கொட்டலைன்னா "அந்த முப்பது"ங்கிறான். எப்படியும் அவன் தப்பிச்சுக்கிறான்.

இங்க பனி வர்ற விதத்தைக் கேளு. பக்கத்துல ஒரு ஏரி இருக்கு, அதுக்குப் பேரே ஈரி. ஏரின்னா புழல் ஏரின்னு நெனைக்காத. 388 கிலோமீட்டர் நீளம். விம்கோ நகர்லேர்ந்து திருச்சியைத் தாண்டிப் போற தூரம். நவம்பர்ல ஏரித்தண்ணி இன்னும் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். அதுமேல கனடா பக்கத்துக் குளிர்காத்து நீளவாக்குல ஓடியாந்து, வழிபூரா ஆவியைக் குடிச்சுட்டு, கரையேறினதும் தள்ளாடி எங்க தலையில பனியாக் கக்கும். நம்ம வடகிழக்குக் காத்து வங்கக்கடல்ல குடிச்சுட்டு வந்து பண்ற அதே குடிகாரன் வேலைதான். ஒரு வித்தியாசம்: மாசி மாசத்துக்குள்ள ஏரி உறைஞ்சுபோச்சுன்னா இங்க கடைக்கு லீவு. வங்கக்கடல் கடைக்கு லீவே கிடையாது.

கக்குறதும் ஊர்பூரா இல்ல, ஒரு பட்டையாத்தான். நம்ம திருவொற்றியூர்ல டோல்கேட்ல கொட்டும், தேரடியில காயும்னு சொல்லுவோமே, அப்படி. 2014 நவம்பர்ல நகரத்துக்குத் தெக்க இருக்கிற ஊர்கள்ல 5 அடிக்கு மேல பனி. வடக்க சில அங்குலம்தானாம். இந்தத் தடவையும் வெள்ளிக்கிழமையிலேர்ந்து தெக்கத்தி ஊர்களுக்குத்தான் அடி. அங்க ஆர்ச்சர்ட் பார்க்ல இன்னிக்கு ராத்திரி ஃபுட்பால் மேட்ச். ஸ்டேடியத்துல பனி அள்ள ஆள் கேட்டிருக்காங்க, மணிக்கு 20 டாலர், நம்ம காசுக்கு 1,700 ரூபாய் ஆவுது. மிக்ஜாம் புயலப்போ வாசல்ல நின்ன தண்ணியை நாம மூணு நாள் சும்மாவே மொண்டு ஊத்தினோம். அதுக்கு பில் போட்டிருந்தா மாடி எழுப்பியிருக்கலாம்.

பண்டிகை அன்னிக்குக் கூட வேலை பாக்கிற ஒருத்தர் வீட்டுல சாப்பாடு. அவரோட அப்பாவுக்கு எம்பது வயசு. சாப்பிட்டு முடிச்சதும் எல்லாரும் போனை எடுத்து வானிலை பாத்தாங்க. பெரியவர் மட்டும் கதவைத் தொறந்து மூக்கை நீட்டினாரு. இங்க தண்ணியோரமா சீரியோஸ்ங்கிற காலைத் தீனி பண்ற ஃபேக்டரி ஒண்ணு இருக்கு. ஓட்ஸ் வறுபடுற வாசனை அடிச்சா ஏரிப்பக்கத்துக் காத்துன்னு அவர் கணக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உப்பு மணத்தா கொண்டல், கருவாடு மணத்தா காசிமேட்டுப் பக்கம், மூக்கு எரிஞ்சா மணலிப் பக்கம்னு விடியக்காலையில படியில நின்னு நீ சொல்லுவியே! அவருக்கு உன்னைப் பத்திச் சொன்னேன். "உங்க பாட்டிக்குக் கஷ்டமான டிபார்ட்மென்ட் போல"ன்னாரு.

அதே வாரம் உங்க பக்கம் புயல் ஆடின ஆட்டத்தையும் விடாம பாத்தேன். புதன்கிழமை "புயலாகும்" சேதி, அப்புறம் "ஆகாது" சேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபெஞ்சல்னு பேரே வச்சாச்சு. கல்யாணப் பேச்சு மாதிரி! சனிக்கிழமை ராத்திரி அது புதுச்சேரிகிட்ட கரையேறினப்ப எனக்குப் பட்டப்பகல். மயிலத்துல 50 செ.மீ. மழையாமே. இங்க ஒரு கணக்கு சொல்றாங்க: ஒரு அங்குல மழை பனியா விழுந்தா சுமாரா பத்து அங்குலம். அப்படின்னா மயிலத்துல 5 மீட்டர் பனி, மூணு ஆள் உசரம்! பெரியவர்கிட்ட போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அங்க ஸ்டேடியம் இருக்கா?"ன்னாரு.

இன்னும் ரெண்டு வாரத்துல கார்த்திகைப் பௌர்ணமி. நம்ம திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் வருஷம்பூரா கவசத்தோட இருந்துட்டு, அந்த மூணு நாள் மட்டும் கவசத்தைக் கழட்டி தரிசனம் குடுப்பாரு. அதே மூணு நாள் நான் பனியன்மேல பனியன், ஸ்வெட்டர், அதுமேல மெத்தை மாதிரி ஒரு கோட்டுன்னு கவசத்துக்குள்ள இருப்பேன். போயி அவரைப் பாத்துட்டு வா. எனக்கும் கழட்டுற காலம் சீக்கிரம் வரணும்னு ஒரு வார்த்தை சொல்லு.

கடைசியா ஒரு விஷயம். நேத்து காலையில நான் போன் பண்ணினப்ப உனக்கு ராத்திரி ஏழு மணி இருக்கும். "இன்னாடா, பனி கொட்டுதாமே, வெளிய கிளிய போயிடாத"ன்ன. "புயல் வருது, நீ உள்ளயே இரு"ன்னு நானும் சொன்னேன். "உள்ளதான் கீறேன்"னு நீ சொன்னப்ப பின்னாடி காத்து ஊளை விட்டுச்சு, தகரம் தடதடன்னு ஆடுச்சு. நீ படியிலதான் நின்னுகிட்டிருந்த, எனக்குத் தெரியும்.

நானும் உள்ளதான் இருக்கேன்னு சொன்னேன்ல? குல்லாவைப் போட்டுகிட்டுத் தெருவுலதான் நின்னேன்.

இப்படிக்கு,
உன் பேரன்

பி.கு.: குல்லாவுல எலி கடிச்ச மாதிரி ஒரு ஓட்டை விழுந்துடுச்சு. யாராவது இந்தப் பக்கம் வந்தா இன்னொண்ணு குடுத்தனுப்பு. அதே பழுப்புக் கலர்.